உப்பு இருக்க வேண்டிய இடத்தில் சூரியன்

அத்தியாயம் 5

"லத்தீன் தெரிஞ்சவங்க இந்தத் தீவுல எத்தனை பேர் இருப்பாங்க, வல்லிபுரம்?"

உமாபதி கேட்டபோது வல்லிபுரம் டைப்ரைட்டருக்கு நாடா மாற்றிக்கொண்டிருந்தான். பத்து விரலிலும் மை.

"தமிழ் தெரிஞ்ச ஆக்களே அரைவாசிப் பேர் பிழையா எழுதினம், சேர். லத்தீன் எண்டால் கனகரத்தினம் மாஸ்டர் ஒராள்தான். அதுதானே அந்தாளுக்கு வந்த வினை."

மனாமாவின் குதைபியாப் பகுதியில் தையல் கடைக்கு மேலே, ஒற்றை ஏசி முனகும் அறை அது. வாசல் பலகையில் 'மொழிபெயர்ப்பு, தட்டச்சு' என்றுதான் எழுதியிருக்கும். உமாபதி திருச்சிக்காரர். மனாமா நீதிமன்றத்துக்கு அரபியிலிருந்து ஆங்கிலத்துக்கும், ஆங்கிலத்திலிருந்து அரபிக்கும் மாற்றிக் கொடுப்பது அவர் தொழில். ஆனால் எவன் பாஸ்போர்ட்டாவது சிக்கலில் மாட்டினால் முதலில் ஏறுவது இந்த மாடிப்படிதான். வல்லிபுரம் யாழ்ப்பாணப் பக்கத்துக் கரவெட்டிக்காரன். டைப்பிஸ்ட், டிரைவர், அவன் கணக்குப்படி முதலாளியின் மூளையில் பாதி.

உமாபதி மேஜைமேல் இரண்டு கடிதங்களைப் பரப்பி வைத்திருந்தார். முஹர்ரக்கில் இருக்கும் பெரிய வியாபாரி ஹாஜி ஜாசிம் முந்தாநாள் தானே கொண்டுவந்து கொடுத்தவை. ஹாஜிக்குப் பழைய ஆங்கிலப் புத்தகங்கள் சேர்ப்பதில் பைத்தியம். முந்நூறு, முந்நூற்றைம்பது வருஷத்துப் புத்தகங்களுக்கென்றே வீட்டில் ஒரு நூலகம் வைத்திருக்கிறார். அதைப் பார்த்துக்கொள்பவர்தான் கனகரத்தினம். யாழ்ப்பாணத்தில் ஒரு மிஷன் கல்லூரியில் ஆங்கிலம் படிப்பித்தவர். பாதிரிமாரிடம் லத்தீன் கற்றவர்.

பத்து நாளில் இரண்டு மொட்டைக் கடிதங்கள். ஹாஜியின் விருந்தில் சாப்பிட்டுவிட்டுப் போன ஏழு பேருக்கும் ஒரே மாதிரி போயிருந்தன. டைப் அடித்த நல்ல ஆங்கிலம், கொடுமையான கேலி. ஹாஜி புத்தகத்தைத் தோலுக்காக வாங்குகிறவர், மடிப்பு வெட்டாத பக்கத்தை வெட்டிப் படிக்காமலே வைத்திருப்பவர் என்று வரிக்கு வரி குத்தல். இரண்டின் தலையிலும் ஒரு லத்தீன் வரி.

ஹாஜி சத்தம் போடவில்லை. "என்னைப் பார்த்து ஊர் சிரிக்கட்டும். என் வீட்டுச் சோற்றைச் சாப்பிடுகிறவன் சிரிக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார். நீதிமன்றத்தில் பழகிய ஆள் என்பதால், இது கனகரத்தினத்தின் எழுத்துத்தானா என்று உமாபதியைப் பார்த்துச் சொல்லச் சொன்னார். வியாழக்கிழமை பகல்வரை அவகாசம். கனகரத்தினத்தைத் திருப்பி அனுப்ப வெள்ளிக்கிழமை கொழும்பு விமானத்துக்கு ஏற்கனவே டிக்கெட் எடுத்தாயிற்று.

இன்று வியாழன். மணி ஒன்பதரை.

"நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றார் உமாபதி.

வல்லிபுரம் விரலைத் துணியில் துடைத்தான். "உள்ளதைச் சொன்னால், மாஸ்டருக்கு வாய் நீளம். எங்கட சங்கத்துப் பொங்கல் விழாவில தலைவர் பேசின தமிழில பதினெட்டுப் பிழை எண்டு மேடையிலயே எண்ணிச் சொன்னவர். இதை எழுதக்கூடிய ஆள்தான்."

"அப்போ அவர்தாங்கிறீங்க."

"அவரா இருக்கக் கூடாது எண்டுதான் விரும்புறன். இந்த எண்பத்தாறாம் ஆண்டில யாழ்ப்பாணத்து விலாசத்தோட ஒரு தமிழன் கட்டுநாயக்கா ஏர்போட்டில இறங்கினால் என்ன நடக்கும் எண்டு உங்களுக்குத் தெரியாது, சேர். நேர விசாரணைக்குத்தான் கொண்டுபோவாங்கள். பேந்து ஆளைத் தேடிப் பிரயோசனமில்லை."

அப்போதுதான் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வந்தவர் கனகரத்தினம். ஐம்பத்திரண்டு வயது, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, மூன்று நாள் தாடி. உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார். கைகளை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

"நான் எழுதேல்ல. ஆனா அதைச் சொல்லி என்ன பயன்? லத்தீன் எண்ட உடன எல்லாரும் என்னைப் பார்க்கினம்."

"கடிதத்தை நீங்க பாத்தீங்களா?"

"என்ர கண்ணில காட்டேல்ல."

உமாபதி முதல் கடிதத்தை அவர் பக்கம் தள்ளினார். முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். வல்லிபுரமும் பார்த்தான். குற்றவாளியானால் கண் முதலில் கேலிக்குப் போகும், தன் கைவேலையை ரசிக்க. இல்லாவிட்டாலும் கேலிக்குத்தான் போகும், என்ன எழுதியிருக்கிறது என்று அறிய. கனகரத்தினத்தின் கண் அங்கே போகவே இல்லை. கடிதத்தின் தலையிலிருந்த லத்தீன் வரியில் நின்றது. கல்லைக் கடித்தவர்போல முகம் சுளித்தார்.

"பிழை," என்றார்.

"எது?"

"இது 'விசுஸ்' இல்லை, 'ரிசுஸ்'. 'சிரிப்பு கடிக்கும், பல் சும்மா இருக்கும்' எண்டு வரவேணும். ரோமாபுரிப் பகடிக்காரன் ஒருத்தன்ர வரி. இஞ்ச 'பார்வை கடிக்கும்' எண்டு கிடக்கு. பல்லை வைச்சுக்கொண்டு கண் கடிச்சால் பகடி எங்க?" இரண்டாவது கடிதத்தையும் தானே இழுத்துப் பார்த்தார். "இதைப் பாருங்கோ, இதைவிட மோசம். 'ஸால்' எண்டால் உப்பு. 'புண்ணில் உப்பு, நாவில் தேன்.' இஞ்ச 'ஸோல்' எண்டு அடிச்சிருக்கு. ஸோல் எண்டால் சூரியன். புண்ணில சூரியனை ஆர் வைப்பான்?"

நாடு கடத்தப்படப்போகிற மனிதர், தன்னை மாட்டிவிட்ட கடிதத்தில் எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வரி எல்லாம் எங்க இருந்து வருது, மாஸ்டர்?" என்றார் உமாபதி.

"அந்தக் காலத்து இங்கிலீஷ்காரர், ஊரைப் பழிச்சுப் புத்தகம் எழுதினால் முகப்பில ஒரு லத்தீன் வரி போடுவினம். நான் பழிக்கேல்ல, ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முதல் ரோமாபுரியில ஒராள் பழிச்சிட்டான் எண்டு காட்டுறதுக்கு. அரசாங்கம் பிடிச்சால் தப்பலாம். இந்த ரெண்டு வரியும் ஹாஜியாரிட்ட உள்ள ரெண்டு புத்தகத்தின்ர முகப்பில இருக்கு."

"அவங்களுக்கு அது முகமூடி. இங்கே யாரோ அதையே உங்களைக் காட்டுற கைகாட்டி மரமா நட்டிருக்கான்" என்றார் உமாபதி. "முகப்பிலேயே இந்தப் பிழை இருக்கா?"

"ஞாபகமில்லை. இருக்கலாம். அப்ப அச்சடிச்ச ஆக்களுக்கு லத்தீன் தெரியாது. நிறையப் பிழை விடுவினம்."

உமாபதி சட்டையை மாட்டினார். "வண்டியை எடுங்க, வல்லிபுரம். பிழை புத்தகத்துல இருந்தா, லத்தீன் தெரியாத ஒருத்தன் பாத்துக் காப்பி அடிச்சிருக்கான்னு அர்த்தம்."

"புத்தகத்தில சரியா இருந்தால்?"

"மாஸ்டருக்கு ஆபத்து."

படியில் இறங்கும்போது வல்லிபுரத்துக்கு ஏதோ உறுத்தியது. அந்தச் 'சூரியன்' வரியை எங்கோ பார்த்ததுபோல் இருந்தது. லத்தீனே தெரியாதவனுக்கு லத்தீன் வரி பழகினதாகத் தெரிவது நல்ல குணமில்லை என்று எண்ணி அதைத் தள்ளிவிட்டான்.

*

முஹர்ரக் வீட்டின் நூலகம் குளிர்ந்து கிடந்தது. ஜன்னலுக்குத் தடித்த திரை. சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. ஹாஜி ஜாசிம் நடுமேஜையில் உட்கார்ந்திருந்தார், ஒரு கையில் தஸ்பீஹ் ஜபமணி உருண்டபடி. அவருக்குப் பக்கத்தில் நின்றவர் கோபாலசாமி. கோயமுத்தூர்க்காரர், ஹாஜியின் செயலாளர். வீட்டுச் சாவி முதல் விசா வரை அவர் கையில்தான்.

"வாங்க, வாங்க. டீ சொல்லட்டுங்களா?" என்றார் கோபாலசாமி. "மாஸ்டர், நீங்க கவலைப்படாதீங்க. ஊருக்குப் போய்க் கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்தீங்கன்னா எல்லாம் சரியாப் போயிருமுங்க."

"இவர் ஆறுதல் சொல்லுறது வாழைப்பழத்தில ஊசி ஏத்துற மாதிரி இருக்கு" என்று வல்லிபுரம் உமாபதியின் காதோரம் முணுமுணுத்தான்.

உமாபதி வந்த காரியத்தைச் சுருக்கமாக ஆங்கிலத்தில் சொன்னார். ஹாஜி தலையசைத்தார். கனகரத்தினம் அலமாரியைத் திறந்து, உள்ளங்கை அகலத்தில் தோல் அட்டை போட்ட ஒரு புத்தகத்தை எடுத்துவந்து முகப்பைத் திறந்தார்.

மற்ற நால்வரும் குனிந்தார்கள்.

'ரிசுஸ்.' சுத்தமாக, கறுப்பாக, முந்நூற்றைம்பது வருஷமாக அசையாமல் 'ரிசுஸ்'.

இரண்டாவது புத்தகம். 'ஸால்.' உப்பு உப்பாகவே இருந்தது.

கனகரத்தினம் கையை மேஜையில் ஊன்றிக்கொண்டார். பிழை புத்தகத்தில் இல்லை. அப்படியானால் அச்சடித்தவன் தலையில் கட்ட முடியாது.

"ஏனுங்க, இதுல ஒண்ணு தோணுதுங்க" என்றார் கோபாலசாமி, மெதுவாக, யாரையும் குற்றம் சொல்லாத குரலில். "லத்தீன் தெரிஞ்ச ஒருத்தர் வேணும்னே ரெண்டு எழுத்தை மாத்திப் போட்டா, அவரு எழுதலைன்னு எல்லாரும் சொல்லுவாங்கல்லீங்க?" அதையே ஹாஜிக்கு ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னார்.

ஹாஜியின் மணி ஒரு கணம் நின்றது. வல்லிபுரம் திரும்பி மாஸ்டரைப் பார்த்தான். காலையில் அந்த முகச்சுளிப்பு நடிப்பாக இருந்திருக்குமோ? பதினெட்டுப் பிழை எண்ணுகிறவருக்கு இரண்டு பிழை வைக்கத் தெரியாதா?

உமாபதி மட்டும் அலமாரிக்குப் பக்கத்திலிருந்த மரப்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னச் சின்ன இழுப்பறைகள். "இது என்ன?"

"அட்டவணை" என்றார் கனகரத்தினம். "ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு அட்டை. பேர், வருஷம், முகப்பு வரி. நான் கையால துண்டில எழுதிக் கொடுத்தன். போன வருஷம் நோன்பு மாதத்தில வெளிய டைப் அடிப்பிச்சது."

"முதல் புத்தகத்தோட அட்டையை எடுங்க."

அட்டை வந்தது. டைப் அடித்த வரியில் 'விசுஸ்' என்றிருந்தது. அந்த முதல் எழுத்தைச் சிவப்பு மையால் வெட்டி, மேலே ஆங்கில 'ஆர்' என்று திருத்தியிருந்தது.

"ஓம், இப்ப ஞாபகம் வருது" என்றார் கனகரத்தினம், குரலில் உயிர் வந்து. "என்ர கையெழுத்தில 'ஆர்' கொஞ்சம் 'வி' மாதிரி விழும். அட்டை வந்த அண்டைக்கே இருந்து திருத்தினன். நாப்பது, ஐம்பது பிழை. இதை அடிச்சவன் ஒரு கழுதை."

வல்லிபுரம் அட்டையை எட்டிப் பார்த்தான். ஆங்கில 'ஈ' எழுத்தின் வயிறு அடைத்து, லேசாக இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அந்தச் சாய்வை அவன் ஆறு வருஷமாகப் பார்க்கிறான். காலையில் நாடா மாற்றியது அந்த மெஷினுக்குத்தான்.

ஒரு டிரைவர் செருப்புப் பெட்டியில் கொண்டுவந்து போட்ட நானூற்றுப் பன்னிரண்டு அட்டைகள். ஏதோ சிமெண்ட் கம்பெனி வேலை என்றுதான் சொன்னார்கள். அர்த்தம் தெரியாத வரிகளை, உமாபதி ஊருக்குப் போயிருந்த நோன்பு மாதம் முழுக்க, எழுத்தெழுத்தாகக் குத்தினவன் அவன். கழுதை அவன்தான்.

"யார் டைப் அடித்தது?" என்று ஹாஜி ஆங்கிலத்தில் கேட்டார்.

"தெரியலீங்க, எங்கேயோ வெளியில. டிரைவர்தான் கொண்டுபோனான்" என்றார் கோபாலசாமி. பார்வை திரையின் மேல் இருந்தது.

கடிதத்திலிருக்கும் பிழை இந்த உலகத்தில் ஒரே இடத்தில் பிறந்தது, தன் விரலில், என்பது வல்லிபுரத்துக்குப் புரிந்தது. வாயைத் திறந்தால் அடுத்த கேள்வி தன் மேல் விழும். தன் பாஸ்போர்ட்டும் யாழ்ப்பாணத்து விலாசம் உள்ளதுதான். மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் திருச்சியில் வாடகை அறையில் இருக்கிறார்கள், இவன் அனுப்புவதை நம்பி. வாயைத் திறக்காவிட்டால் ஒன்றும் ஆகாது. நாளைக்கு ஒரு விமானம் போகும், அவ்வளவுதான்.

"நான்தான் அடிச்சது" என்றான்.

உமாபதி மெல்லத் திரும்பினார். ஆறு வருஷத்தில் அவர் அவனை அப்படிப் பார்த்ததில்லை. சாட்சிக் கூண்டில் நிற்கிற அந்நியனைப் பார்க்கிற பார்வை.

கோபாலசாமி காத்திருந்தவர்போல ஆங்கிலத்தில் பிடித்துக்கொண்டார். "பாருங்க ஹாஜி. ஒருத்தருக்கு லத்தீன் தெரியும், இன்னொருத்தருக்கு டைப் தெரியும். ரெண்டு பேரும் ஒரே ஊரு. நான் முன்னமே சொன்னேன்ல."

"கரவெட்டியும் யாழ்ப்பாண டவுனும் ஒரே ஊர் எண்டால், கோயமுத்தூரும் குவைத்தும் ஒண்டுதான்" என்றான் வல்லிபுரம். பயத்திலும் பகடி வாயில் வந்துவிட்டது.

"நீங்க பேசாதீங்க" என்றார் உமாபதி. "மாஸ்டர், ரெண்டாவது அட்டையையும் எடுங்க. சூரியன் வரி."

அட்டை வந்தது. 'ஸால்.' சரியாக அடித்திருந்தது. சிவப்பு மை எதுவும் இல்லை.

கோபாலசாமி உதடு பிரியாமல் சிரித்தார். "புத்தகத்துலயும் உப்பு, அட்டையிலயும் உப்பு. அப்புறம் கடிதத்துல சூரியன் எங்கிருந்துங்க வந்துச்சு? எழுதினவர் வேணும்னே வெச்சதுதானுங்களே."

கனகரத்தினம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஹாஜி மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு பாஸ்போர்ட்டையும் விமான டிக்கெட்டையும் எடுத்து முன்னே வைத்தார். "கலாஸ்", முடிந்தது, என்றார் களைப்பாக.

"ஒரு நிமிஷம், ஹாஜி."

வல்லிபுரம் கேட்காமலே அட்டையை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனான். திரையை விலக்கினான். பத்தரை மணி வெயில் அறைக்குள் பாய்ந்தது. அட்டையை அதற்கு நேரே பிடித்தான்.

'ஸால்' என்ற சொல்லின் நடு எழுத்துக்குக் கீழே, ஒரு மிளகு அளவுக்கு, வெளிச்சம் ஊடுருவி வந்தது.

"சேர், இஞ்ச வாங்கோ. இந்த இடம் அட்டை மெலிஞ்சு கிடக்கு. நான் முதல் 'ஓ' எண்டு அடிச்சிட்டன். மாஸ்டரின்ர துண்டைப் பார்க்க, பிழை எண்டு உடன தெரிஞ்சுது. ரப்பரால அழிச்சுப்போட்டு அதுக்கு மேல 'ஏ' அடிச்சன். அதால அட்டையில சரியா கிடக்கு."

"அப்போ சூரியன் எங்கே போச்சு?"

"கீழ போச்சு." வல்லிபுரம் கோபாலசாமியைப் பார்த்துச் சொன்னான். "ஒவ்வொரு அட்டைக்கும் பின்னால கார்பன் வைச்சு ஒரு மெல்லிய தாள் வைச்சனான். மேல அழிக்கிற டைப்பிஸ்ட் கீழ அழிக்கமாட்டான். அழிச்சால் தாள் கிழியும். 'ஓ' அப்பிடியே இருக்கும். அதுக்கு மேல விழுற 'ஏ' மைக்குள்ள மறைஞ்சுபோகும். கார்பனைப் படிக்கிறவனுக்கு அது 'ஸோல்'தான். மாஸ்டர் சிவப்பு மையால திருத்தினதும் மேல் அட்டையைத்தான். கீழ்த் தாளில 'விசுஸ்' இண்டைக்கும் 'விசுஸ்'தான்."

உமாபதி அதை ஒவ்வொரு படியாக ஹாஜிக்கு அரபியில் சொன்னார். எந்தச் சொல்லையும் கூட்டவில்லை. முடிவில், "சூரியன் இருக்கிற தாள் இந்த உலகத்திலேயே ஒன்றுதான். அது யாரிடம் இருக்கிறதோ அவர்தான் எழுதினார்" என்றார்.

"எங்கிட்ட கார்பன் எதுவும் வரலீங்க" என்றார் கோபாலசாமி. "நான் கேட்கவும் இல்லை."

"போனில ஒரு குரல் கேட்டது" என்றான் வல்லிபுரம். "'கார்பன் ஒண்ணு வெச்சுருங்க, தனியா மஞ்சள் கவர்ல போட்டுக் குடுத்துருங்க' எண்டு. ஆர் எண்டு நான் சொல்லமாட்டன். குரலுக்கு முகம் தெரியாது."

ஹாஜி எழுந்தார். கோபாலசாமிக்கு முன்னால் வந்து உள்ளங்கையை விரித்து நீட்டினார்.

கோபாலசாமி அந்தக் கையைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் கழற்ற அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

*

மஞ்சள் கவர் அவர் அறை இரும்பு அலமாரியில், விசாக் கோப்புகளுக்குக் கீழே இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு மெல்லிய தாள்கள். 'ஸோல்' தாளை ஹாஜியே தேடி எடுத்து, கடிதத்தோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். வேறு சில தாள்களின் ஓரத்தில் பென்சிலால் சின்னக் குறிகள் இருந்தன. எண்ணினார். பதினொன்று.

"இந்தப் பதினொரு புத்தகத்தையும் கொண்டுவாருங்கள்" என்றார் கனகரத்தினத்திடம்.

கனகரத்தினம் ஏணியில் ஏறி இறங்கி, எல்லா அலமாரியையும் திறந்து பார்த்துவிட்டு வந்தார். கையில் ஒன்றும் இல்லை. அந்தப் பதினொன்றும் இருந்த அலமாரிகள் ஆறு மாதமாகத் திறக்காமல் பூட்டிக் கிடந்தவை. அடுத்த சனிக்கிழமை அவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க அவர்தான் நாள் குறித்திருந்தார். அதைத் தெரிவித்தது கோபாலசாமியிடம். முதல் கடிதம் கிளம்பியது அப்படிச் சொன்னதற்கு மறுநாள்.

"புத்தகங்கள் எங்கே?" என்றார் ஹாஜி.

கோபாலசாமி தரையைப் பார்த்தபடி நின்றார். பிறகு லண்டனிலிருந்து அடிக்கடி வந்துபோகும் ஒரு புத்தக வியாபாரியின் பெயரைச் சொன்னார்.

ஹாஜி அந்த விமான டிக்கெட்டை இரண்டாகக் கிழித்தார். பாஸ்போர்ட்டை எடுத்துக் கனகரத்தினத்தின் சட்டைப் பையில் தன் கையாலேயே வைத்தார். "மாஸ்டர்" என்றார், மற்றவர்கள் கூப்பிடுவதுபோலவே. கனகரத்தினம் அந்தப் பையைக் கையால் பொத்திக்கொண்டு அப்படியே நின்றார். மூன்று நாளாக அடக்கிவைத்தது அப்போதுதான் கண்ணில் வந்தது.

வண்டி முஹர்ரக் பாலத்தில் ஏறியது. கீழே கடல் தட்டையாகப் பளபளத்தது. வல்லிபுரம் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தான்.

"வல்லிபுரம்."

"சொல்லுங்கோ, சேர்."

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நீங்கதான் அடிச்சதுன்னு சொன்னப்போ, ஒரு நிமிஷம் நான் உங்களைச் சந்தேகப்பட்டேன்."

வல்லிபுரம் முன்னால் போன தண்ணீர் லாரியைத் தாண்டினான். பிறகுதான் பதில் சொன்னான்.

"ஒரு நிமிஷம்தானா, சேர்? நான் என்னையே மூண்டு நிமிஷம் சந்தேகப்பட்டனான். சொல்லாமல் விட்டிடுவனோ எண்டு."